உலைக்குப் போகும் லாரியிடம் ஒரு கேள்வி



கும்மிடிப்பூண்டிக்கு அருகே தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிப்காட் தொழிற்பேட்டைக்குள் திரும்பும். அந்த இரும்புக் குவியலில் சில வேளை ஒரு லாரியே துண்டு துண்டாகக் கிடப்பதைக் காணலாம். வெட்டிய சட்டம், பல் தேய்ந்த சக்கரங்கள், துருப்பிடித்த ஸ்பிரிங் பட்டைகள் என்று எல்லாம் கலந்து கிடக்கும். உள்ளே மின்தூண்டல் உலைகள் இருக்கின்றன. அவற்றில் உருகி, அந்த இரும்பு கட்டடக் கம்பியாக வெளியே வரும். இப்படி வந்து சேரும் பழைய லாரிகளில் பல பிறந்த இடம் வெகு தொலைவில் இல்லை. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தெற்கே, எண்ணூரில்தான்.

இரும்பை உருக்குவதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. தாதுவிலிருந்து புது இரும்பு எடுப்பதைவிடப் பழைய இரும்பை உருக்குவதற்குச் செலவாகும் ஆற்றல் மிகக் குறைவு. ஆகவே அது நல்ல காரியமே. ஆனால் உலையில் இரும்போடு சேர்ந்து இன்னொரு பொருளும் அழிந்துபோகிறது. அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் அந்த லாரி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் லேலண்ட் என்று ஓர் ஊர். அங்கிருந்த லாரித் தொழிற்சாலையும் ஊர்ப் பெயரையே சூடிக்கொண்டது. தன் வண்டிகளுக்கு விலங்குகளின் பெயரை வைப்பதில் அதற்குத் தனி ஆசை: ஹிப்போ, பீவர், ஆக்டோபஸ், டைகர் என்று ஒரு மிருகக்காட்சிச் சாலையே உண்டு. 1947-இல் வெளிவந்த ஒரு லாரிக்கு மட்டும் வானத்திலிருந்து பெயர் எடுத்தார்கள். அதுதான் காமெட், அதாவது வால்நட்சத்திரம்.

1948-இல் ரகுநந்தன் சரண் என்பவர் தம் மகனின் பெயரால் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். எண்ணூரில் அது ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்று வந்தது. பின்னர் லேலண்டுடன் ஒப்பந்தம் ஏற்பட்டு, 1951 முதல் காமெட் அங்கே பூட்டப்பட்டது. முதலில் வெளிவந்த நான்கு வண்டிகள் மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்குப் போயின. 1955-இல் நிறுவனத்தின் பெயரே அசோக் லேலண்ட் ஆயிற்று. 1963-க்குள் நாட்டில் 8,000-க்கு மேற்பட்ட காமெட் வண்டிகள் ஓடின. பிற்காலத்தில் வந்த டாரஸ் என்ற லாரியின் பெயரோ பொதுச் சொல்லாகவே மாறிவிட்டது. யார் தயாரித்ததாயினும் பத்துச் சக்கரமோ அதற்கு மேலோ இருந்தால் நம் செய்தித்தாள்கள் அதை ‘டாரஸ் லாரி’ என்றே எழுதுகின்றன. டாரஸ் என்றால் லத்தீனில் காளை. நம் ரிஷப ராசிதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். லங்காஷயரில் வரைந்த வண்டி எண்ணூருக்கு வந்தால், அது அதே வண்டியாக இருக்க முடியுமா?

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். லங்காஷயரில் ஒரு சாதாரண நாளின் வெப்பநிலை 10° செல்சியஸ் என்று கொள்வோம். நம் திருவள்ளூர் மாவட்டத்தில் மே மாதப் பகலில் 40°. கெல்வினில் சொன்னால் 283, 313. அழுத்தம் மாறாதபோது காற்றின் அடர்த்தி வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்று படித்திருக்கிறீர்கள். 283-ஐ 313-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.90 கிடைக்கும். அதாவது பொறியின் உருளை ஒவ்வொரு தடவை மூச்சிழுக்கும்போதும் பத்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைவாகவே கிடைக்கிறது. டீசலை மட்டும் அதே அளவு செலுத்தினால் புகைதான் வரும். ரேடியேட்டரின் நிலைமையும் மோசம். நீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு குறைந்துவிடுவதால் வெப்பம் வெளியேறுவதும் தாமதமாகிறது. வண்டி மாறவில்லை, காற்றுதான் மாறியது. அதனாலேயே அது வேறு வண்டி ஆகிவிட்டது.

அடுத்து முகம். ஐரோப்பாவில் லாரி முழு உருவத்தோடு தொழிற்சாலையை விட்டு வெளிவரும். இங்கே நெடுங்காலம் பொறியும் சட்டமும் சக்கரங்களும் முன்முகப்பும் மட்டுமே வெளிவந்தன. கூரையற்ற அந்த வண்டியை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டிப்போகும் ஓட்டுநரை உங்கள் தாத்தா பார்த்திருப்பார். அந்த வண்டி நாமக்கல்லுக்கோ திருச்செங்கோட்டுக்கோ போகும். அங்கே தச்சரும் கொல்லரும் சேர்ந்து மரச் சட்டத்தின்மேல் தகடு அடித்து ‘பாடி’ கட்டுவார்கள். ஒரே சேஸிஸ் பஞ்சாபில் ஒரு முகத்தோடும் நாமக்கல்லில் வேறொரு முகத்தோடும் நின்றதற்கு இதுவே காரணம்.

ஏன் மரம்? மரம் எஃகைவிடப் பல நூறு மடங்கு குறைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. குண்டும் குழியுமான சாலையில் சட்டம் முறுக்கும்போது மரம் சற்று வளைந்து கொடுக்கும். உடைந்தால் எந்த ஊர்த் தச்சரும் சரிசெய்துவிடுவார். முன்கண்ணாடியை வளைவாக வைக்காமல் இரண்டு தட்டைக் கண்ணாடிகளாக வைத்ததும் இதே யோசனைதான். வளைந்த கண்ணாடி உடைந்தால் தொழிற்சாலையை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். தட்டைக் கண்ணாடியை ஊரிலேயே வெட்டிப் பொருத்தலாம்.

ஸ்பிரிங் பட்டைகளைச் சொல்லாமல் விடக்கூடாது. நம் லாரிகள் அனுமதித்த அளவுக்கு மேல் சுமை ஏற்றின என்பது ஊரறிந்த ரகசியம். அதற்காகப் பட்டறையில் கூடுதலாக இரண்டு பட்டை செருகுவார்கள். பத்துப் பட்டைகள் உள்ள அடுக்கில் அதே அளவுள்ள இரண்டைச் சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். சுமையோடு போகும்போது சரி. வெறும் வண்டியாகத் திரும்பும்போது? “காலி வண்டியில்தான் தம்பி முதுகு போச்சு” என்று வயதான ஓட்டுநர்கள் சொல்வதன் பொருள் இதுவே. அந்த முதுகுவலி ஓர் அளவுமானியின் முள்ளைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதே லேலண்ட் பொறி மற்ற நாடுகளில் என்ன ஆயிற்று? நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1950-களில் உரிமம் பெற்று அதைக் கட்டத் தொடங்கியது. கொள்ளளவைக் கூட்டாமல், காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ கருவியை அந்தப் பத்தாண்டின் இறுதியிலேயே சேர்த்துவிட்டது. ஸ்பெயினில் பெகாஸோ என்ற பெயரோடு காமெட் ஓடியது. நம் எண்ணூரிலோ பொறி 350, 370, 400 என்று உருவத்தில் வளர்ந்தது. இந்த எண்கள் கன அங்குலத்தைக் குறிப்பவை. ஒரு கன அங்குலம் 16.387 கன சென்டிமீட்டர். 370-ஐ நீங்களே பெருக்கிப் பாருங்கள், 6 லிட்டருக்குச் சற்று மேல் வரும். புகை விதிகள் இறுகிய பிறகே இங்கே டர்போ பரவலாயிற்று. நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் நுண்ணிய கருவியைச் சாலையோரப் பட்டறையில் பழுதுபார்க்க முடியாது என்பது அதற்கு ஒரு முக்கியமான காரணம் என்பது என் கருத்து. ஒரே பொறிக்கு ஒரு நாடு தந்த விடை வேறு, நாம் தந்த விடை வேறு. அதற்காக நம்முடையது மட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். கேள்வியே வேறாக இருந்தது.

பழைய ஓட்டுநர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இன்னொரு வழக்கு எழும்: டாடா வண்டியா, லேலண்ட் வண்டியா? டாடா நிறுவனம் 1954 முதல் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸுடன் சேர்ந்து லாரி செய்தது. 1969-இல் அந்த உறவு முடிந்தது. பென்ஸ் நட்சத்திரம் போய் முகப்பில் ‘டி’ எழுத்து வந்த பிறகும் நம் ஊர்களில் அதைப் ‘பென்ஸ் லாரி’ என்றே அழைத்தார்கள். “பென்ஸ் ஓடும், லேலண்ட் இழுக்கும்” என்கிற பேச்சைக் கேட்டிருக்கிறேன். இது வெறும் அபிமானமா? சரிபார்ப்போம். இரு பொறிகளும் சுமார் 110 குதிரைத் திறன் தருபவை. டாடாவின் பொறி 4.8 லிட்டர், சுமார் 2,800 சுழற்சியில் அத்திறனை அடையும். லேலண்ட் 6 லிட்டர், சுமார் 2,400-இலேயே அடையும். திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே அந்நிலையில் லேலண்டின் முறுக்குவிசை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அதிகம். ஓட்டுநர் சொன்னது சரிதான். அவர் சூத்திரம் எழுதாமல் சொன்னார், அவ்வளவே.

ஆனால் எல்லா நினைவையும் இப்படி நம்பிவிட முடியாது. “அந்தக் காலத்து இரும்பே வேறு, நாற்பது வருஷம் ஆகியும் பார், ஓடுகிறது!” என்பார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நூறு வண்டிகள் ஒன்றாகப் பிறந்து, தொண்ணூற்றைந்து உலைக்குப் போய், ஐந்து மட்டும் ஓடினால், நம் கண்ணில் படுவது அந்த ஐந்துதான். மிஞ்சியவற்றை மட்டும் பார்த்து எல்லாமே உறுதியானவை என்று முடிவு கட்டுவது பெரிய பிழை. மேலும் அந்த வண்டிகள் கக்கிய புகை, பவர் ஸ்டீயரிங் இல்லாமல் தோள்பட்டை தேய்ந்த ஓட்டுநர்கள், மோதினால் சிம்பு சிம்பாகத் தெறித்த மரக் கேபின், காலடியில் கொதித்த பொறி ஆகியவற்றை ஆசைப்பட்டு நினைக்க என்ன இருக்கிறது? 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ஐம்பது வருஷம் தாமதம் என்பேன்.

பின் எதற்காக நினைவுகளைச் சேர்க்க வேண்டும்? தொழிற்சாலையிடம் வரைபடங்கள் இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கலாம். ஆனால் அவை வாசற்படி தாண்டும்வரை உள்ள வண்டியின் படங்கள். கூடுதல் பட்டை எங்கே செருகப்பட்டது, சூட்டைத் தணிக்க விசிறியில் என்ன மாற்றினார்கள், கிடைக்காத உதிரிக்குப் பதிலாக எது பொருந்தியது என்பவையெல்லாம் எந்தக் காகிதத்திலும் இல்லை. பட்டறைக்காரரின் விரல்களிலும் அந்த இரும்பிலும்தான் இருக்கின்றன. விரல்களுக்கு வயதாகிவிட்டது. இரும்புக்கோ நாள் குறித்தாகிவிட்டது: அரசுக்குச் சொந்தமான 15 ஆண்டு கடந்த வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் நீக்கப்படுகிறது, தனியார் லாரிகளும் தகுதிச் சோதனையில் தவறினால் கழிக்கப்படும். இதே மாவட்டத்தின் மேற்கே, திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை டெரக்ஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு சுரங்க டம்பர்களைக் கட்டியது. அந்தத் தொழிற்சாலை பின்னர் கேட்டர்பில்லர் கைக்கு மாறியது. அந்தப் பழைய டம்பர்களின் அனுபவத்தை யாராவது எழுதி வைத்தார்களா? அங்கே வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் உங்களில் சிலராக இருக்கலாம். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அருங்காட்சியகம் கட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஓர் அளவு நாடா, பெரியவரின் அனுமதி, இவை போதும். அவரிடம் “அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள், கதை வரும், தகவல் வராது. “இந்த வண்டியில் நீங்கள் எதை மாற்றினீர்கள், ஏன்?” என்று கேளுங்கள். அவர் சொன்னதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தில் நீங்கள் அளந்ததையும் கணக்கிட்டதையும் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எதையும் அடித்துவிடாதீர்கள். இன்னொரு பட்டறையில் அதே கேள்வியைக் கேளுங்கள். ஓடும் சாலையிலும் வெட்டும் இடத்திலும் தனியே போய் நிற்க வேண்டாம்; ஆசிரியரோடு போங்கள்.

சில மாதங்களுக்கு முன் எளாவூர்ச் சோதனைச் சாவடிக்கு இப்பால் ஒரு தேநீர்க் கடையருகே பழைய இரும்பு ஏற்றிய லாரி ஒன்று நின்றது. மேலே ஒரு காமெட்டின் பின்புற ஸ்பிரிங் அடுக்கு, கட்டுப் பிரியாமல் அப்படியே கிடந்தது. பட்டைகளை எண்ணினேன்: பதின்மூன்று. நடுவில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மெல்லியதாக, வேறு வண்டியிலிருந்து எடுத்ததுபோல் தெரிந்தது. யார் வைத்தார், எதற்காக வைத்தார் என்று ஓட்டுநரிடம் கேட்கலாம் என எழுந்தேன். அதற்குள் அவர் தேநீரைக் குடித்து முடித்து, வண்டியைச் சிப்காட் பக்கம் திருப்பிவிட்டார்.