மாட்டுவோம் என்ற உறுதி

இந்தியச் சாலைகளில் 2022-ஆம் ஆண்டு 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் அதிவேகத்துக்குப் பலியானவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. தமிழ்நாட்டின் பங்கு 17,884 உயிர்கள். இதைத் தடுக்க அரசு முதலில் நம்பியது அபராதத் தொகையை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, ஹெல்மெட் போடாதவருக்கு 100 ரூபாயாக இருந்த அபராதம் 1,000 ரூபாய் ஆனது. மற்ற பல குற்றங்களுக்கும் அப்படியே ஏறியது. தமிழ்நாட்டில் புதிய தொகை 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு நாட்டின் சாலைச் சாவுகள் 1,72,000-ஐத் தாண்டின. ‘மாட்டினால்தானே’ என்று நினைப்பவருக்கு 100 ரூபாயும் ஒன்றுதான், 10,000 ரூபாயும் ஒன்றுதான். தண்டனை எவ்வளவு கடுமையானது என்பதைவிட, அது தப்பாமல் வந்து சேரும் என்ற உறுதியே மனிதரைத் தடுக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-லேயே எழுதினார். சாலைக் கேமராவை நான் ஆதரிப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

சந்திப்பில் நிற்கும் காவலர் எத்தனை கண்ணும் கருத்துமாக இருந்தாலும், நூறு வண்டிகள் கடக்கும்போது ஒன்றிரண்டைத்தான் நிறுத்த முடியும். இரவு இரண்டு மணிக்கு அவர் அங்கே இருக்க மாட்டார். பெரிய இடத்து வண்டியை மறிக்கத் தயங்குவார். கேமராவுக்கு இந்த எல்லைகள் இல்லை. பிரிட்டனில் 1992 முதல் வைக்கப்பட்ட 2,500-க்கும் மேற்பட்ட வேகக் கேமராக்களை லண்டன் பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்த செங் கீட் டாங் ஆராய்ந்து 2017-ல் எழுதிய கட்டுரை கேமராவின் பலனைத் தெளிவாகக் காட்டுகிறது. கேமராவிலிருந்து 500 மீட்டருக்குள் விபத்துகள் 17 முதல் 39 விழுக்காடு வரை குறைந்தன. இறப்புகள் 58 முதல் 68 விழுக்காடு வரை குறைந்தன. சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நான்கு விழுக்காடு கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதோடு சேர்த்துப் பார்த்தால், கொஞ்சம் வேகம் குறைந்தாலே இத்தனை உயிர் தப்புவது ஏன் என்று புரியும்.

பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. 2023 ஜூன் 5 அன்று அங்கே 726 கேமராக்கள் அபராதம் விதிக்கத் தொடங்கின. ‘ஏஐ கேமரா’ என்று பெயர் பெற்ற அவற்றில் 675 ஹெல்மெட், சீட் பெல்ட், வண்டி ஓட்டும்போது செல்போன் பேசுதல் ஆகியவற்றைக் கவனிப்பவை. 25 பார்க்கிங்குக்கு, 18 சிக்னல் மீறலுக்கு. வேகத்தை அளப்பவை வெறும் எட்டு. 2022-ல் 43,910 ஆக இருந்த விபத்துகள் 2023-ல் 48,091 ஆகக் கூடின. இறப்புகளோ 4,317-லிருந்து 4,080 ஆகக் குறைந்தன. ஓராண்டுக் கணக்கை வைத்து முடிவுகட்ட முடியாது என்றாலும், இந்த எண்கள் கேமராக்கள் எதைப் பார்த்தன என்பதோடு பொருந்திப்போகின்றன. ஹெல்மெட் மோதலைத் தடுக்காது, மோதியவரின் தலையைக் காக்கும். மோதலையே தடுக்க வேண்டுமானால் கேமரா வேகத்தைப் பார்த்தாக வேண்டும். ஹெல்மெட் இல்லாத தலை படத்தில் பளிச்சென்று தெரிகிறது என்பதற்காக இருசக்கர வண்டிக்காரரை மட்டும் பிடித்துவிட்டு, பறக்கும் காரை விட்டுவிடுவது நியாயமும் ஆகாது.

கேரளம் இன்னொன்றையும் காட்டியது. கேமராக்களை நிறுவிய கெல்ட்ரான் நிறுவனத்துக்கு அரசு தர வேண்டிய பணம் நிலுவையானபோது, நோட்டீஸ் அனுப்பும் வேலை தடைப்பட்டது. கேமரா படம் எடுத்துக்கொண்டிருந்தும் உறுதி அறுந்துபோனது. சென்னையில் போக்குவரத்துக் காவல்துறை நிலுவை அபராதங்களை வசூலிக்க 2022-ல் அழைப்பு மையங்களையே தொடங்க வேண்டியிருந்தது. குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதி சொன்னதில் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது. போன வாரம் எந்த வளைவில் எந்த வேகத்தில் போனோம் என்பது ஒருவருக்கு நினைவிருக்கும். ஆறு மாதம் கழித்து ஐந்து செலான்கள் மொத்தமாக வந்தால், திருந்த வேண்டும் என்று தோன்றாது. பணம் பறிக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

‘இது எல்லாம் வசூலுக்குத்தான்’ என்ற குற்றச்சாட்டை ஒதுக்கிவிட முடியாது. சிகாகோவில் சிக்னல் கேமரா ஒப்பந்தத்துக்காக லஞ்சம் வாங்கிய நகராட்சி அதிகாரிக்கு 2016-ல் பத்தாண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. பிரிட்டனில் அபராதப் பணத்திலிருந்தே கேமராச் செலவை எடுத்துக்கொள்ளும் முறை மக்களின் சந்தேகத்தை வளர்த்தது. 2007-ல் அதைக் கைவிட்டார்கள். சுவீடன் வேறு வழியில் போனது. அங்கே கேமரா இருப்பதை முன்கூட்டியே பலகை சொல்கிறது. அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. நம் 167ஏ விதியும் எச்சரிக்கைப் பலகையைக் கட்டாயமாக்குகிறது. பலகையைப் பார்த்ததும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தால், அரசுக்கு ஒரு ரூபாயும் கிடைக்காமலே வேலை முடிந்துவிடுகிறது. மூன்றாம் ஆண்டிலும் ஒரு கேமரா பணத்தை அள்ளிக்கொடுக்கிறது என்றால், அங்கே வேக வரம்போ சாலையின் அமைப்போ தவறாக இருக்கிறது என்று பொறியாளரை அனுப்பிப் பார்க்க வேண்டும்.

இயந்திரம் தவறு செய்யாதா? செய்யும். அதனால்தான் அதன் சாட்சியம் குற்றம் சாட்டப்பட்டவரும் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். நெதர்லாந்துக் கார்ப் பந்தய வீரர் மாரிஸ் காட்சோனிடஸ் பெயரால் வழங்கும் ‘காட்சோ’ கேமரா அரை நொடி இடைவெளியில் இரண்டு படங்கள் எடுக்கும். சாலையில் சம தூரத்தில் வெள்ளைக் கோடுகள் போட்டிருப்பார்கள். முதல் படத்தில் சக்கரம் எந்தக் கோட்டில் இருந்தது, இரண்டாவதில் எந்தக் கோட்டைத் தாண்டியது என்று எண்ணினால் கேமராவின் ரேடார் சொன்ன வேகம் சரியா என்று தெரிந்துவிடும். இங்கே பதிவெண்ணை மாற்றி வாசித்து, வீட்டில் நிற்கும் வண்டிக்கு வேறு ஊரிலிருந்து செலான் வருவதைப் பற்றிய புகார்கள் நிறைய. படத்தை ஒருவர் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே நோட்டீஸ் போக வேண்டும். அலைச்சல் இல்லாமல் மறுப்புத் தெரிவிக்கவும் வழி வேண்டும். விதி மீறாதவர்களின் படங்களை உடனே அழித்துவிட வேண்டும்.

கேமராவைக் கண்டதும் பிரேக் பிடித்துவிட்டு, தாண்டியதும் விரட்டுகிறார்களே என்ற மறுப்பிலும் உண்மை உண்டு. மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் விபத்து கூடும் அறிகுறிகளைக் காண்கிறது. அதற்கான மாற்று, இரு முனைகளிலும் கேமரா வைத்து இடைப்பட்ட தூரத்தின் சராசரி வேகத்தைக் கணக்கிடுவது. ஸ்காட்லாந்தின் ஏ77 சாலையில் 2005-லேயே இதைச் செய்தார்கள். நம் நான்கு வழிச்சாலைகளுக்கு ஏற்றதும் இதுதான். குழியையும் வெளிச்சமில்லாத வளைவையும் முதலில் சரிசெய்யுங்கள் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதற்கு ஆண்டுகள் ஆகும்; அதுவரை சாகிறவர்கள் காத்திருக்க முடியாது.

கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில், மின்னணுக் கண்காணிப்பை நிறைவேற்றும்படி உச்ச நீதிமன்றம் 2024-ல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. எனவே கேமராக்கள் இன்னும் வரும். ஒவ்வொரு கேமராவுக்கும் அங்கே முன்பு எத்தனை பேர் இறந்தார்கள், இப்போது எத்தனை பேர் இறக்கிறார்கள், எத்தனை நோட்டீஸ் உரிய நாளுக்குள் போய்ச் சேர்ந்தது என்ற கணக்கை அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சாவு குறையாத இடத்தில் கேமராவோடு நிற்காமல் சாலையையே மாற்றியமையுங்கள். குறைகிற இடத்தில், யார் எதிர்த்தாலும் அந்தக் கேமராவை எடுக்காதீர்கள்.