முறித்த நோன்பு

ரமலான் பகலில், நோயோ பயணமோ இன்றி, வேண்டுமென்றே உண்டு நோன்பை முறித்த அன்பர் ஒருவர் கலங்கி எழுதுகிறார். இங்குள்ள பள்ளிவாசலில் 60 நாள் இடைவிடாது நோற்கச் சொன்னார்களாம். ஊர் ஆலிமோ ஒரு நாள் போதும் என்றாராம்.

இருவரும் தத்தம் மத்ஹபின்படியே கூறினர். வடநாட்டில் பெரும்பாலோர் பின்பற்றுவது ஹனபி மத்ஹபு. அதில் வேண்டுமென்றே உண்டவருக்கும், களாவோடு கப்பாரா உண்டு. நம் கடற்கரை ஊர்களில் மிகுந்த ஷாபி மத்ஹபில், கப்பாரா தாம்பத்திய உறவால் முறித்தவருக்கு மட்டுமே. உண்டவர் எஞ்சிய பகலை உண்ணாது கழித்து, பின்னர் தாமதமின்றி ஒரு நாள் களாச் செய்ய வேண்டும். அன்பர் ஷாபி ஆதலின் அவருக்கு இதுவே பொருந்தும்.

பரிகாரம் சிறிதென்பதால் குற்றம் சிறிதாகிவிடாது. வருந்தி, இனிச் செய்யேன் எனத் துணியும் தௌபா இருசாரார்க்கும் கடமை. அதை ஊரறியச் சொல்ல வேண்டியதில்லை.

ரமலான் பகலில் மனைவியுடன் கூடிய ஓர் ஏழை, அழிந்தேன் என்று நபிகள் நாயகத்திடம் வந்தார். அடிமையை விடுவிக்கவோ, இரண்டு மாதம் நோற்கவோ, 60 ஏழைகளுக்கு உணவளிக்கவோ அவரால் இயலவில்லை. தருமம் செய்யுமாறு ஒரு கூடைப் பேரீச்சம்பழம் அளிக்கப்பட்டது. தம்மினும் ஏழை மதீனாவில் இல்லை என்றார் அவர். நாயகம் அவர்கள் சிரித்து, வீட்டாருக்கே கொடுக்கச் சொன்னார்கள்.