கோர் எண்ணிக்கை மட்டும் போதுமா?

முகூர்த்த நாளில் எங்கள் திருவந்திபுரம் பக்கம் வந்திருக்கிறீர்களா? தேவநாத சுவாமி கோயிலை அடுத்த ஔஷதகிரி மலையில் ஒரே காலையில் வரிசையாகக் கல்யாணங்கள் நடக்கும். சாஸ்திரிகள் எத்தனை பேர் இருந்தாலும், ரசீது போட ஒரே ஆள் இருந்தால் எல்லா மாப்பிள்ளை வீட்டாரும் அவர் முன்னால்தான் நிற்க வேண்டும். இன்னும் பத்து சாஸ்திரிகளை அழைத்து வந்தால் அந்த வரிசை குறையுமா? குறையாது. டேட்டாபேஸ் சர்வருக்கு கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து பிராசஸர் வாங்குவதும் இப்படித்தான் என்பது என் கருத்து.

நமக்குத் தெரிந்த உதாரணம் ரயில்வே முன்பதிவு. 2010இல் நிறுவப்பட்ட அமைப்பு இட்டானியம் பிராசஸரிலும் ஓபன் விஎம்எஸ் இயங்குதளத்திலும் ஓடுவதாக 2025இல் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாகின. பழைய இயந்திரத்துக்கு இது சாதாரண வேலை இல்லை. புதிய அமைப்பில் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் டிக்கெட் பதிவாகும் என்று அறிவித்தார்கள். நல்ல செய்திதான்.

ஆனால் தட்கல் நேரத்தில் முதல் ஐந்து நிமிடங்களில் வந்த லாகின் முயற்சிகளில் 50 சதவீதம் வரை மனிதர்கள் செய்ததே இல்லை, தானியங்கி நிரல்கள் செய்தவை என்று அதே 2025இல் ரயில்வே சொன்னது. சந்தேகத்துக்குரிய இரண்டரை கோடி கணக்குகளை முடக்கினார்கள். யோசித்துப் பாருங்கள் நண்பர்களே, பாதி சுமை பொய்ச் சுமை! அதைத் தாங்குவதற்காகப் பெரிய பிராசஸர் வாங்கினால் யாருக்கு லாபம்?

இன்னொன்று, கடைசி பெர்த்துக்கு நூறு பேர் ஒரே நொடியில் போட்டியிட்டால், எந்த டேட்டாபேஸும் அந்த ஒரு பதிவைப் பூட்டி ஒருவருக்குத்தான் கொடுக்கும். மற்ற 99 பேரும் காத்திருக்க வேண்டும். இங்கே 64 கோர் இருந்தும் உதவாது. அந்த ஒரு வேலையை ஒரு கோர் எவ்வளவு வேகமாக முடிக்கிறது, டிஸ்க்கில் எவ்வளவு சீக்கிரம் எழுதுகிறது என்பதுதான் முக்கியம். நூறு பேர் நூறு வேறு ரயில்களைத் தேடினால் கதை வேறு. அப்போது கோர் அதிகம் இருப்பது உண்மையிலேயே பயன்தரும்.

எனவே முதலில் அளக்க வேண்டும். பிராசஸர் முழுதாக உழைக்கிறதா, அல்லது டிஸ்க்குக்கோ பூட்டுக்கோ காத்திருக்கிறதா? பல இடங்களில் ஒரு இன்டெக்ஸ் போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அடுத்து ரேம். அடிக்கடி தேடும் தகவல் நினைவகத்திலேயே இருந்தால் டிஸ்க் பக்கம் போகவே வேண்டாம். பிறகுதான் பிராசஸர். அதிலும் வேகமும் கேஷ் அளவும் முதலில், எண்ணிக்கை அப்புறம். ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் போன்றவற்றில் கோர் கணக்கில் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டியிருப்பதால், சும்மா இருக்கும் கோருக்கும் காசு போகும்.

வாங்கிய பிறகும் வேலை இருக்கிறது. மின்சாரச் சிக்கனத்துக்காக பிராசஸர் வேகத்தைக் குறைக்கும் அமைப்பு பயாஸிலும் லினக்ஸிலும் உண்டு. அதை டேட்டாபேஸ் சர்வரில் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு பிராசஸர் உள்ள இயந்திரத்தில் ஒன்று மற்றதன் பக்கமுள்ள ரேமை எடுக்கப் போனால் தாமதம் ஆகும். ஆகவே ஒரு பிராசஸரே போதுமென்றால் ஒன்றே நல்லது.

இட்டானியம் இன்னொரு பாடமும் சொல்கிறது. 2001இல் பெரிய எதிர்பார்ப்போடு வந்தது. 2011இல் ஆரக்கிள் அதற்கு மென்பொருள் எழுதுவதை நிறுத்துவதாக அறிவிக்க, எச்பி நீதிமன்றம் போனது. 2021இல் இன்டெல் அதை அனுப்புவதையே நிறுத்திவிட்டது. வேகம் இருந்தால் மட்டும் போதாது, பத்து வருடம் கழித்தும் அதற்கு மென்பொருளும் உதிரிப்பாகமும் கிடைக்குமா என்றும் பார்க்க வேண்டும்.

கூட்டுறவு சங்கமோ, கல்லூரி அலுவலகமோ, மருத்துவமனையோ, எதுவானாலும் அது பொதுமக்கள் காத்திருக்கும் இடம். அங்கே சர்வர் வாங்கும் பணமும் அவர்களுடையதுதான். விற்பவர் காட்டும் எண்ணிக்கையைப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், வரிசை எங்கே நிற்கிறது என்று ஒரு வாரம் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். கணினி படிக்கும் நண்பர்களே, அந்த அளவெடுக்கும் வேலையை நாமே செய்து கொடுக்கலாமே! உங்கள் கருத்து என்ன?