முன்னொட்டை நம்பாதீர்கள்

எக்ஸ்எம்எல்லில் ஓர் உறுப்பின் பெயர் இரண்டு பாகம் கொண்டது. ஒன்று 'டைட்டில்' போன்ற சொல். மற்றது, அந்தச் சொல் யாருடைய அகராதியைச் சேர்ந்தது என்று காட்டும் யூஆர்ஐ. 1999 ஜனவரியில் டபிள்யூ3சி வெளியிட்ட நேம்ஸ்பேஸ் பரிந்துரை சொல்வது இதைத்தான். கோலனுக்கு முன்னால் நிற்கும் முன்னொட்டு, அந்த நீண்ட யூஆர்ஐக்கு ஒரு சுருக்கம். அதை அறிவித்த உறுப்புக்குள் மட்டுமே செல்லுபடியாகும். இரண்டு பேருக்கு ஒரே இனிஷியல் இருப்பதால் அவர்கள் அண்ணன் தம்பி ஆகிவிடுவதில்லை அல்லவா? இது தெரிந்தவர்கள்கூட, நிரல் எழுதும்போது முன்னொட்டையும் சொல்லையும் ஸ்ட்ரிங்காக ஒட்டிக் கோப்பில் அச்சிட்டுவிடுகிறார்கள். இந்தப் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். நிரலுக்குள் பெயர் எப்போதும் யூஆர்ஐயும் சொல்லும் சேர்ந்த ஜோடியாக இருக்கட்டும். எந்த முன்னொட்டு, அறிவிப்பு எந்த இடத்தில் என்பதையெல்லாம் கோப்பை எழுதும் சீரியலைசர் பார்த்துக்கொள்ளட்டும்.

இதில் நேரும் பிழைகள் பெரும்பாலும் சத்தம் போடாதவை. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்த வேண்டியிருக்கிறது. எச்டிஎம்எல் பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்டின் 'கிரியேட் எலிமென்ட்' வழியாக 'சர்க்கிள்' ஒன்றை உருவாக்கி எஸ்விஜி படத்துக்குள் சேர்த்துப் பாருங்கள். டெவலப்பர் கருவியில் ஆரம், நிறம் எல்லாம் சரியாகத் தெரியும். திரையில் வட்டம் வராது. பிறந்தபோதே அது எக்ஸ்எச்டிஎம்எல் நேம்ஸ்பேஸில் சேர்ந்துவிட்டது. பிறகு 'எக்ஸ்எம்எல்என்எஸ்' பண்பை ஒட்டிவைத்தாலும் மாறாது. எஸ்விஜி யூஆர்ஐயைக் கொடுத்து 'கிரியேட் எலிமென்ட் என்எஸ்' என்று அழைத்தால் வட்டம் தோன்றும். ஆட்டம் ஓடையிலும் இதே கதைதான். ஆட்டம் யூஆர்ஐ இயல்பு நேம்ஸ்பேஸாக இருக்கும் கோப்பில், எக்ஸ்எச்டிஎம்எல் 'டிவ்' ஒன்றை அறிவிப்பில்லாமல் ஒட்டினால் அது ஆட்டத்தின் 'டிவ்' ஆகிவிடும். அப்படி ஒன்று ஆட்டத்தில் இல்லவே இல்லை. இலக்கணப்படி கோப்பு சரியாக இருப்பதால் பார்சரும் வாய் திறக்காது.

எங்கள் கோப்பு சின்னது, ஒரே நேம்ஸ்பேஸ், டெம்ப்ளேட் போதும் என்பார்கள். மாறாத கோப்புக்கு அது உண்மைதான். பிறர் தரும் துண்டு ஒன்று உள்ளே நுழையும் வரைக்கும்தான் அந்த உண்மை நிற்கும்.

இதைவிட வலுவான மறுப்பு வேர்ட் கோப்புகளிலிருந்து வருகிறது. டாக்எக்ஸ் கோப்பின் உள்ளே இருக்கும் முதன்மை எக்ஸ்எம்எல்லின் வேர் உறுப்பில் 'இக்னோரபிள்' என்றொரு பண்பு உண்டு. தெரியாவிட்டால் புறக்கணிக்கலாம் என்ற நேம்ஸ்பேஸ்களை அது பட்டியலிடுகிறது; ஆனால் யூஆர்ஐகளாக அல்ல, 'டபிள்யூ14' போன்ற முன்னொட்டுகளாக. இந்தக் கோப்பைப் பைத்தானின் எலிமென்ட்ட்ரீயில் படித்து அப்படியே திரும்ப எழுதினால், முன்னொட்டுகள் 'என்எஸ்0', 'என்எஸ்1' என்று மாறும். பயன்படாத அறிவிப்புகள் உதிரும். பண்பின் மதிப்பு வெறும் எழுத்து என்பதால் 'டபிள்யூ14' மட்டும் அங்கேயே நிற்கும், அறிவிப்பில்லாமல். வேர்ட் அந்தக் கோப்பைப் பழுதானது என்று தள்ளிவிடும். அப்படியானால் முன்னொட்டு வெறும் சுருக்கம் என்பது பொய்யா? மதிப்புக்குள் முன்னொட்டை ஒளித்துவைத்தது வடிவமைப்பின் குறை என்றே நினைக்கிறேன். அந்தக் குறை பழையது; 2001இல் வந்த கனானிக்கல் எக்ஸ்எம்எல், முன்னொட்டுகளை மாற்றி எழுதாமல் விட்டதற்கு இதுவே காரணம். ஆனாலும் இது ஸ்ட்ரிங் ஒட்டும் பழக்கத்துக்குச் சாதகமான சான்று அல்ல. மதிப்புக்குள் இருக்கும் பெயர்களையும் எழுதும் கணம் வரை ஜோடியாக வைத்திருக்க வேண்டும், அல்லது எல்எக்ஸ்எம்எல் போல மூல அறிவிப்புகளைக் காப்பாற்றும் நூலகத்தைக் கையாள வேண்டும். எழுதியதை வேறொரு பார்சரில் திரும்பப் படித்து ஜோடிகளை ஒப்பிடும் சோதனை வட்டத்தையும் 'டிவ்'வையும் பிடித்துவிடும். 'இக்னோரபிள்' பட்டியலுக்கு மட்டும் தனியாக இன்னொரு சோதனை எழுத வேண்டும்.