டாக்டர் நாக்ஸ் நல்லவரா? அந்தச் சான்றிதழை யார் தருவது?

அனிமே பார்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தொடர் முடிந்த கையோடு கதாபாத்திரங்களை வரிசையாக நிற்கவைத்துத் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். இவர் நூறு சதவீதம் நல்லவர், இவர் கெட்டவர், இவர் ரெண்டுங்கெட்டான். நாயகனுக்கும் வில்லனுக்கும் இப்படித் தீர்ப்புச் சொல்வது சுலபம். கதை முழுக்க அவர்களைப் பார்த்திருக்கிறோம். சிக்கல் எல்லாம் நாலைந்து காட்சிகளில் தலைகாட்டிவிட்டுப் போகிறவர்களிடம்தான். பார்த்தது கொஞ்சம், ஆனால் பிடித்துப்போய்விடுகிறது.

‘ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்’ தொடரில் வரும் டாக்டர் நாக்ஸ் அப்படி ஒருவர். 64 அத்தியாயங்கள் ஓடும் கதையில் அவர் வரும் நேரம் ரொம்பக் குறைவு. ஆனாலும் ரசிகர்களுக்கு அவர்மேல் தனிப் பாசம். “முரட்டு மனுஷன், ஆனா தங்கமான மனசு” என்பதுதான் வழக்கமான தீர்ப்பு. எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் இடத்தில் நாம் இருக்கிறோமா என்பதுதான் என் சந்தேகம்.

(கதையின் முக்கியமான திருப்பங்கள் சில கீழே வருகின்றன. தொடரை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். கட்டுரை எங்கேயும் ஓடிப்போகாது.)

யார் இந்த நாக்ஸ்?

ஹிரோமு அராகாவா எழுதி வரைந்த மங்கா இது. 2001 முதல் 2010 வரை மாத இதழில் தொடராக வந்து, 27 தொகுதிகளாக நூல் வடிவம் பெற்றது. கதை நடக்கும் அமெஸ்ட்ரிஸ், ராணுவம் ஆளும் ஒரு கற்பனை நாடு. அங்கே ரசவாதம் ஓர் அறிவியல். ரசவாதிகளை ராணுவமே வேலைக்கு வைத்துக்கொள்ளும்.

நாக்ஸ் அந்த நாட்டின் தலைநகரத்தில் பிணப் பரிசோதனை செய்யும் மருத்துவர். கலைந்த தலை, கண்ணாடி, எப்போதும் ஒரு சிடுசிடுப்பு. தான் பிணங்களுக்கான டாக்டர் என்று அவரே சொல்லிக்கொள்வார். மனைவியும் மகனும் பிரிந்துபோய்விட்டார்கள். தனியாக இருக்கிறார்.

கதையில் அவர் செய்யும் நல்ல காரியங்களுக்குக் குறைவில்லை. மரியா ராஸ் என்ற ராணுவ அதிகாரிமேல் செய்யாத கொலைப்பழி விழுகிறது. அவரைக் காப்பாற்ற கர்னல் ராய் மஸ்டாங் ஒரு போலிப் பிணத்தைத் தயார் செய்து எரிக்கிறார். அது ராஸின் உடல்தான் என்று மருத்துவ அறிக்கை கொடுப்பவர் நாக்ஸ். பொய்தான். ஆனால் வள்ளுவரே விலக்குக் கொடுத்த வகைப் பொய்.

அடுத்தது லான் ஃபான். ஷிங் என்ற அயல்நாட்டின் இளவரசன் லிங்குக்கு மெய்க்காவலாக வந்த பெண். வாள்வெட்டு வாங்கிய நிலையில், தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடும் இளவரசன் பிடிபடக் கூடாது என்பதற்காகத் தன் கையைத் தானே வெட்டி எறிகிறாள். அந்தக் கையை ஒரு நாயின்மேல் கட்டி அனுப்பி, துரத்துகிறவர்களைத் திசைதிருப்புகிறார்கள். அனுமதியில்லாமல் நாட்டுக்குள் நுழைந்தவள், தேடப்படுபவள். நடுராத்திரியில் மஸ்டாங் கூப்பிடுகிறார். நாக்ஸ் திட்டிக்கொண்டே போகிறார், திட்டிக்கொண்டே வைத்தியம் பார்க்கிறார். தெரியவந்தால் வேலை மட்டுமா போகும், தலையே போகும். அதன் பிறகு மே சாங் என்ற சிறுமிக்கும் வீட்டிலேயே சிகிச்சை தருகிறார். காசு வாங்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை.

இவ்வளவும் போதாதா, நல்லவர் என்று சொல்ல? இங்கேதான் இஷ்வல் வருகிறது.

இஷ்வலில் நடந்தது

கதைப்படி 1901-இல் அமெஸ்ட்ரிஸ் படைவீரன் ஒருவன் இஷ்வல் குழந்தை ஒன்றைச் சுட்டுக் கொல்கிறான் (உண்மையில் அவன் மாறுவேடத்தில் இருந்த என்வி என்ற ஹோமன்குலஸ்). கலகம் வெடிக்கிறது. ஏழு ஆண்டுகள் சண்டை. 1908-இல் 3066 என்ற எண்ணுள்ள உத்தரவு வருகிறது. அதன்பின் அது போர் இல்லை, இன அழிப்பு. ரசவாதிகளை இறக்கி ஊர் ஊராக அழிக்கிறார்கள்.

அந்தக் களத்தில் நாக்ஸுக்குக் கொடுக்கப்பட்ட வேலை மருத்துவம் அல்ல. மஸ்டாங்கின் தீ மனித உடலை என்ன செய்கிறது, எவ்வளவு எரிந்தால் என்ன ஆகிறது, வலி எப்படிப்பட்டது என்று இஷ்வல் மக்களின் உடல்களில் ஆய்வு செய்வது. எரிப்பவர் மஸ்டாங், குறிப்பெடுப்பவர் நாக்ஸ். லான் ஃபானின் தோளில் கட்டுப்போட்டது அந்தக் கைகள்தான்.

இதை அவர் மறைப்பதில்லை. மஸ்டாங்கிடம் பழைய கதையை நேருக்கு நேர் பேசுகிறார். “ஆணை, அதனால் செய்தேன்” என்று நியாயம் கற்பிப்பதும் இல்லை. உயிரோடு இருப்பவருக்கு வைத்தியம் பார்க்கத் தனக்குத் தகுதி உண்டா என்ற கேள்வி அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அவரைப் பிடித்துப்போவதற்குக் காரணமே இந்த நேர்மைதான், எனக்கும் சேர்த்து.

பிறகு அந்தக் காபிக் காட்சி. சிகிச்சை பெற்றவர்கள் நன்றி சொல்கிறார்கள். நன்றி கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன் திகைக்கிறார். அதே நேரம் பிரிந்துபோன மனைவியும் மகனும் வாசலில் நிற்கிறார்கள். மகன் மருத்துவம் படிக்கிறான். உள்ளே அழைத்து உட்காரவைக்கிறார் நாக்ஸ். இத்தனை பேரைக் கொன்ற ஒருவன் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு நல்ல காபி குடிக்கலாமா என்று மனசுக்குள் கடவுளிடம் கேட்டு அழுகிறார். கல்லும் கரையும் இடம். தீர்ப்பு எழுதும் ரசிகர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பேனாவை எடுக்கிறார்கள்.

யாருடைய முகம் நமக்குத் தெரியும்?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாக்ஸின் மகன் முகம் நமக்குத் தெரியும். மனைவி முகம் தெரியும். லான் ஃபானின் பெயர், ஊர், எஜமான் எல்லாம் தெரியும். அவர் ஆய்வு செய்த இஷ்வல்காரர்களில் ஒருவர் பெயராவது தெரியுமா? எத்தனை பேர் என்று தெரியுமா? தெரியாது. நாக்ஸ் கணக்கில் வரவுப் பக்கம் முழுக்க முகங்கள், பற்றுப் பக்கம் வெறும் ஒரு சொல்: இஷ்வல். இந்தக் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்தால் விடை “தங்கமான மனசு” என்று வராமல் வேறெப்படி வரும்?

இன்னொன்றும் உண்டு. அவர் நன்மை செய்தது ஷிங் நாட்டுப் பெண்களுக்கும் அமெஸ்ட்ரிஸ் அதிகாரிக்கும். அவரால் பாதிக்கப்பட்ட இஷ்வல் சமூகத்துக்கு இந்தக் காட்சிகளில் ஒரு துரும்புகூடப் போய்ச் சேரவில்லை. மனம்விட்டுப் பேசியதும் யாரிடம்? தன்னோடு சேர்ந்து எரித்தவரிடம். கூட்டாளியிடம் சொல்வது மனப்பாரத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். பாதிக்கப்பட்டவன் முன்னால் போய் நிற்பது வேறு விஷயம்.

“அவர் என்ன செய்ய முடியும், உத்தரவு இல்லையா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு அராகாவா கதைக்குள்ளேயே ஒரு பதில் வைத்திருக்கிறார். அதே போரில் இன்னும் இரண்டு டாக்டர்கள் உண்டு: வின்ரியின் பெற்றோரான யூரி, சாரா ராக்பெல். அமெஸ்ட்ரிஸ்காரர்களாக இருந்தும் களத்தை விட்டுப் போகாமல் இஷ்வல் மக்களுக்கு வைத்தியம் பார்த்தவர்கள். கடைசியில் தாங்கள் காப்பாற்றிய ஸ்கார் கையாலேயே சாகிறார்கள். (2003-இல் வந்த முந்தைய அனிமேயில் அவர்களைச் சுடுவது மஸ்டாங். அது வேறு பாதையில் போகும் கதை.) அதாவது வேறு மாதிரி நடந்துகொள்ளும் வழி இருந்தது. அதன் விலை உயிர். அந்த விலையைக் கொடுக்காதவரைத் திட்ட, சோஃபாவில் சாய்ந்து பார்க்கும் நமக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அந்த விலையைக் கொடுத்தவர்களையும் கொடுக்காதவரையும் ஒரே பெயரால் அழைத்தால் ராக்பெல் தம்பதிக்கு என்ன மரியாதை?

மூன்றாவது டாக்டர்

நாக்ஸைவிட மோசமான பாவம் செய்தவர் டாக்டர் டிம் மார்க்கோ. இஷ்வல் மக்களின் உயிர்களைக் கொண்டே ஞானக்கல்லை உருவாக்கியவர். பிறகு ராணுவத்தை விட்டு ஓடி, பெயரை மாற்றிக்கொண்டு, ஒரு சின்ன ஊரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் அவரைத் தெய்வம் என்றே சொல்லியிருப்பார்கள். அவர்களிடம் வாங்கும் சான்றிதழ் செல்லுமா?

அராகாவா செல்லாது என்கிறார் என்றே எனக்குப் படுகிறது. ஏனென்றால் மார்க்கோவின் கதையை அந்த ஊரோடு அவர் முடிக்கவில்லை. ஸ்கார் என்ற இஷ்வல்காரன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார். தான் செய்ததை மார்க்கோ சொல்கிறார். ஸ்கார் அவர் முகத்தைச் சிதைக்கிறான். பிறகு அவரைக் கூடவே அழைத்துப்போகிறான். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. கதை முடிவில் பார்வை இழந்த மஸ்டாங்குக்கு மார்க்கோ ஞானக்கல்லைத் தர முன்வருகிறார். அதற்கு அவர் போடும் நிபந்தனை, இஷ்வல் மக்கள் தங்கள் மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்பது. செய்த பாவத்தின் முகவரிக்கே போய்ச்சேருகிற பிராயச்சித்தம் அது.

மஸ்டாங்கும் அவருடைய துணை அதிகாரி ரிசா ஹாக்ஐயும்கூட ஒரு விஷயத்தில் தெளிவு. தாங்கள் கனவு காணும் மக்களாட்சி வந்தால், போர்க் குற்றவாளிகளாகத் தாங்களே கூண்டில் நிற்க வேண்டிவரும் என்று ஹாக்ஐ நாயகன் எட்வர்டிடம் சொல்கிறாள். அதற்குத் தயாராகவும் இருக்கிறாள். நாக்ஸின் குற்ற உணர்ச்சி இவர்களுடையதைவிடக் குறைவு என்று சொல்ல மாட்டேன். அது வீட்டு வாசலைத் தாண்டவில்லை என்பதுதான் வித்தியாசம்.

கற்பனைக் கதைக்கு ஏன் இவ்வளவு?

அட, கார்ட்டூன்தானே என்று கேட்பவர்களுக்கு: நாக்ஸ் போன்ற டாக்டர்கள் ஜப்பானில் நிஜமாகவே இருந்தார்கள். கதைக்காகப் போர் வீரர்களையும் அகதிகளையும் சந்தித்துப் பேசியதாக அராகாவா சொல்லியிருக்கிறார். எந்த வரலாற்றை மனதில் வைத்து நாக்ஸை வரைந்தார் என்று நான் கதை கட்டப்போவதில்லை. ஆனால் ஜப்பானில் படைத்துறை மருத்துவர், மனித உடலில் ஆய்வு என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொன்னால் பலருக்கும் நினைவுக்கு வருவது 731-ஆம் படைப்பிரிவு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் அருகே, ஷிரோ இஷீ என்ற ராணுவ மருத்துவரின் தலைமையில் கைதிகளின் உடல்களில் சோதனை நடத்திய அமைப்பு.

ஜெர்மனியில் 1946-47-இல் நியூரம்பெர்க்கில் 23 பேர்மீது மருத்துவர் வழக்கு நடந்தது, ஏழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 731-இன் கதை வேறு. சோவியத் ஒன்றியம் 1949-இல் கபரோவ்ஸ்கில் 12 பேரை விசாரித்தது. இஷீயும் அவருடைய முக்கியமான ஆட்களும் ஆய்வுத் தகவல்களை அமெரிக்காவிடம் கொடுத்துத் தப்பித்தார்கள். பலர் ஊர் திரும்பி மருத்துவத் துறையிலேயே மரியாதையான வாழ்க்கை வாழ்ந்தார்கள். அவர்களிடம் சிகிச்சை பெற்றுப் பிழைத்தவர்களும் “நல்ல டாக்டர்” என்றுதான் சொல்லியிருப்பார்கள். பொய்யும் இல்லை.

இதற்கு நேர்மாறாக யுவாசா கென் என்ற ஒருவர். 731-ஐச் சேர்ந்தவர் அல்ல. 1942-இல் சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில் ராணுவ மருத்துவமனைக்குப் போன சாதாரண இளம் டாக்டர். அறுவைப் பயிற்சி என்ற பெயரில் உயிருள்ள சீனர்களை அறுப்பதில் பங்கேற்றவர். போருக்குப் பின் சீனாவில் சிறையிருந்து 1956-இல் ஜப்பான் திரும்பினார். மற்றவர்கள் வாயே திறக்காத காலத்தில், தான் செய்ததைப் பெயர் போட்டுப் பொதுவில் பேசினார், எழுதினார். 2010-இல் இறக்கும்வரை பேசினார். அவரை “உண்மையிலேயே நல்லவர்” என்று யாராவது சொன்னால், அறுக்கப்பட்டவர்களின் குடும்பம் என்ன நினைக்கும் என்ற கேள்வி அப்போதும் இருக்கிறது. ஆனால் அவர் அந்தக் குடும்பங்கள் கேட்கும்படி பேசினார்.

சரி, நாக்ஸுக்கு வருவோம். அவர் துணிச்சலானவர், கருணையுள்ளவர். கூப்பிட்டால் வருகிறவர். தன்னையே ஏமாற்றிக்கொள்ளாதவர். இத்தனையும் நான் சொல்வேன், தயங்காமல். குடும்பத்தோடு அந்தக் காபியையும் அவர் குடிக்கட்டும். அதைத் தடுக்கும் மனசு எனக்கில்லை, அராகாவாவுக்கும் இல்லை. காபி வேறு, மன்னிப்பு வேறு. “நல்லவர்” என்ற சான்றிதழைக் கொடுக்கவோ மறுக்கவோ உரிமையுள்ளவர்கள் இஷ்வலில் பிழைத்துக் கிடக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது நாக்ஸ் வீட்டுக் கதவைத் தட்டுவதாக 27 தொகுதிகளில் ஒரு பக்கம்கூட இல்லை. தட்டியிருந்தால் அவர் திறந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.