சான்றிதழோடு திரும்பிவிட்டோம்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் ஒருமுறையாவது கால் வைத்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அங்கேயே எம்.ஏ. படித்தவர்கள், பிஎச்.டி. வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர்கள், 1981-இல் தொடங்கிய தொலைநிலைக் கல்வி நிறுவனத்தில் 'கரஸ்'ஸில் சேர்ந்து கட்டணம் கட்ட வந்தவர்கள், மகளின் மதிப்பெண் பட்டியலில் பெயர்ப் பிழையைத் திருத்த வந்த தகப்பன்மார்கள் என்று எத்தனையோ பேர். வந்த வேலை முடிந்ததும் எதிரே கடற்கரைக்குப் போனோம். இல்லையென்றால் பஸ் பிடித்து ஊர் திரும்பினோம். வளாகத்தை ஒரு சுற்று நடந்து பார்க்க வேண்டும் என்று நம்மில் பெரும்பாலோருக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் எங்கே தொடங்குவது, எதைப் பார்ப்பது, யாரைக் கேட்பது என்று தெரிந்திருக்காது. அந்தத் தெரியாமைக்கு நாமே பொறுப்பு என்று ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

நாம் என்றால் யார்? இங்கே படித்தவர்கள், பாடம் நடத்தியவர்கள், இந்த நகரத்தைப் பற்றி எழுதியும் பேசியும் வருகிறவர்கள், இந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டவர்கள். அரசாங்கம் கவனிக்கவில்லை, நிர்வாகம் கவனிக்கவில்லை என்று கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது சுலபம். ஆனால் ஒரு தாளில் நான்கு கோடு போட்டு நடைவழி வரைந்து கொடுக்க அரசாணை எதுவும் வேண்டியதில்லை. அதைச் செய்யாமல் விட்டவர்கள் நாம்தான்.

தெற்கிலிருந்து வடக்காக நடந்தால் நாம் விட்டதெல்லாம் வரிசையாக எதிரே வரும்.

முதலில் மாநிலக் கல்லூரி. பல்கலைக்கழக வளாகத்துக்கு வெளியே, வாலாஜா சாலைக்குத் தெற்கே இருந்தாலும் நடையை இங்கேதான் தொடங்க வேண்டும். சி.வி. ராமனும் சுப்பிரமணியன் சந்திரசேகரும் படித்த கல்லூரி இது. கடலைப் பார்த்தபடி இங்கே உ.வே. சாமிநாதையரின் சிலை நிற்கிறது. 1903 முதல் 1919 வரை அவர் இந்தக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த அதே 1887-இல் கலித்தொகையை அச்சேற்றியவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டு பேர், தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும். இருவருமே யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். பட்டம் வாங்கிய முதல் கையே பழந்தமிழ் ஏட்டைத் தேடிப் போயிருக்கிறது. இதை நம் மாணவர்களுக்கு இந்த இடத்தில் நிறுத்திவைத்து நாம் சொன்னதில்லை. உ.வே.சா. சுவடி தேடி அலைந்த ஊர்களைப் பற்றியெல்லாம் எழுதினோம். அவர் பதினாறு ஆண்டு வகுப்பெடுத்த இடத்துக்கு ஒருவர் நடந்துபோய்ப் பார்க்க வழி எழுதவில்லை. திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த 'தியாகராச விலாசம்' 2012-இல் இடிக்கப்பட்டபோது கொதித்துப் பேசினோம். அதற்கு முந்தைய வருடங்களில் அந்த வீட்டுக்கு எத்தனை மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம் என்பதுதான் நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

வாலாஜா சாலையைத் தாண்டினால் எழிலகம். அதன் பின்னால் சேப்பாக்கம் அரண்மனை. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1768-இல் கட்டியது. 1855-இல் நவாப் பட்டம் முடிவுக்கு வந்த பிறகு அரண்மனை அரசாங்கத்தின் கைக்குப் போய், கலச மஹாலும் ஹுமாயூன் மஹாலும் அலுவலகங்களாயின. முன்னே கட்டடங்கள் எழுந்து அரண்மனையை மறைத்தன. 2012 ஜனவரியில் கலச மஹாலில் தீப்பிடித்தது. தீயணைக்கப் போன அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். அங்கே ஓர் அரண்மனை இருக்கிறது என்பதையே தொலைக்காட்சியில் அந்தத் தீயைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் நம்மில் உண்டு. பிறகு அதைப் பழமை மாறாமல் மீட்டுக் கட்டினார்கள். அந்தப் பணியைச் செய்த பொறியாளர்களுக்கும் கொத்தனார்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் மீட்ட கட்டடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வர நாம் ஒரு நடை போகவில்லையென்றால் அந்த நன்றி வெறும் வாய்ப்பேச்சு.

அரண்மனைக்கு வடக்கே செனட் இல்லம். ராபர்ட் சிஷோல்ம் வடிவமைத்து 1874-இல் தொடங்கி 1879-இல் முடிந்தது. நான்கு மூலையிலும் கோபுரங்கள், மேலே குவிமாடங்கள், உள்ளே வண்ணக் கண்ணாடி வழியாக வெளிச்சம் இறங்கும் பெருங்கூடம். இந்திய, இஸ்லாமிய, பைசாந்தியச் சாயல்கள் ஒரே கட்டடத்தில் சேர்ந்திருக்கின்றன. 1937 ஜூலை முதல் டிசம்பர் வரை சென்னை மாகாணச் சட்டமன்றம் கூடியது இங்கேதான். ராஜாஜி மாகாணப் பிரதமராக அமர்ந்ததும், ருக்மிணி லட்சுமிபதி என்ற பெண் துணை சபாநாயகராகத் தேர்வானதும் அந்த அவையில். இவ்வளவு நடந்த கட்டடம் பிற்காலத்தில் பயன்பாடின்றிச் சிதிலமாகிக் கிடந்தது. பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டையொட்டித்தான் புதுப்பிக்கப்பட்டது. சிதிலமாகக் கிடந்த காலமெல்லாம் பட்டமளிப்பு அங்கியோடு அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். பின்னணிக்குப் பயன்பட்ட கட்டடத்தின் உள்ளே என்ன ஆகிறது என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை.

இன்னும் வடக்கே நூலகம். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்தார். 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளையும், 1933-இல் கோலன் பகுப்பு முறையையும் அவர் வெளியிட்டது இங்கே வேலை பார்த்தபோதுதான். நூலகம் 1936-இல் இப்போதைய கட்டடத்துக்கு வந்தது. உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் அவர் பெயரைப் படிக்கிறார்கள். அவர் பிறந்த நாளை ஆகஸ்ட் 12 அன்று தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் அந்தப் படிகளில் ஏறி அந்தத் தட்டுகளுக்கிடையே நடக்கும்போது, இங்கேதான் அது உருவானது என்று நமக்கு உறைப்பதில்லை. ராமானுஜன் தன் கையால் எழுதிய மூன்று நோட்டுப் புத்தகங்களும் இந்த நூலகத்தின் சொத்து. எத்தனையோ நாட்டுக் கணித அறிஞர்கள் அவற்றின் அச்சுப்படியை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வேலை செய்திருக்கிறார்கள். நாமோ அதே கூரையின் கீழ் செய்தித்தாள் வாசித்துவிட்டு எழுந்து வந்தோம்.

நூலகத்தைத் தாண்டும் முன் நினைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 'தமிழ் லெக்சிகன்' என்னும் பேரகராதி இந்தப் பல்கலைக்கழகத்தின் உழைப்பு. 1913-இல் ஜே.எஸ். சாண்ட்லரின் பொறுப்பில் வேலை தொடங்கியது. 1926-இலிருந்து எஸ். வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியர். மு. இராகவையங்கார் போன்ற புலவர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து சொல் சொல்லாகச் சரிபார்த்தார்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939-இல் பின்னிணைப்பு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அதே காலத்தில் 1929-இலிருந்து இங்கே வரலாற்றுப் பேராசிரியராக இருந்த கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி சோழர் வரலாற்றை எழுதி முடித்தார். இன்று தமிழில் எழுதுகிற நம்மில் யாரும் லெக்சிகனைப் புரட்டாமல் இருந்ததில்லை. சோழர்களைப் பற்றிப் பெருமை பேசாதவரும் இல்லை. அந்த இரண்டு வேலைகளும் எங்கிருந்து வந்தன என்று அடுத்த தலைமுறையை அழைத்துப் போய்க் காட்ட வேண்டிய பொறுப்பை மட்டும் யார் தலையிலோ போட்டுவிட்டோம்.

கடைசியாக ராமானுஜன் உயர் கணித நிறுவனம். 1950-இல் அழகப்பச் செட்டியாரின் கொடையில் தொடங்கிய கணித நிறுவனம் பின்னால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இந்தப் பெயருக்கு வந்தது. ராமானுஜனைப் பற்றி இங்கே நின்று சொல்ல வேண்டிய கதை ஒன்று உண்டு. எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர், துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கெழுதியவர், பக்கத்துத் திருவல்லிக்கேணியில் குடியிருந்தவர். அவருக்கு 1913 மே மாதம் இந்தப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. பட்டம் இல்லை என்று தெரிந்தேதான் கொடுத்தது.

நம் அலட்சியத்தின் முழு விலை இந்த இடத்தில் நிற்கும்போதுதான் புரிகிறது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் ஒரு பெண் திருவண்ணாமலையிலிருந்தோ கள்ளக்குறிச்சியிலிருந்தோ சேர்க்கைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதிகாலைப் பஸ்ஸில் வந்து இறங்கியவள். அலுவலகம் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. இவ்வளவு பெரிய கட்டடங்களுக்கு நடுவே தனக்கு இடமில்லையோ என்ற பயம் அவளுக்கு இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் தானாகவே நடந்து இதையெல்லாம் தெரிந்துகொள்ள முடிந்திருந்தால், பட்டமே இல்லாத குமாஸ்தாவுக்கு இந்த இடம் கதவைத் திறந்தது என்று அறிந்திருந்தால், அவள் வேறு மாதிரி நிமிர்ந்து உள்ளே போயிருப்பாள். விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பாவோ மாமாவோ சொல்லிவிடுவார்கள். சொல்ல ஆளில்லாத பிள்ளைக்குத்தான் எழுதிவைத்த வழி தேவை. நாம் எழுதிவைக்கவில்லை. இடத்தின் உரிமையை அதிகம் உணர வேண்டியவர்களிடமிருந்தே அதை மறைத்துவிட்டோம்.

எதனால் இப்படி ஆனோம்? பல்கலைக்கழகத்தை ஓர் அலுவலகமாக மட்டும் பார்க்கப் பழகினோம். செலான் கட்டு, கையெழுத்து வாங்கு, முத்திரை வாங்கு, கிளம்பு. ஆசிரியர்களாக இருந்த நாம் பாடத்திட்டம் முடிந்ததா என்று பார்த்தோம். வகுப்பறைக்கு வெளியே இருபதடி நடந்தால் பாடமே நிற்கிறது என்பதை மறந்தோம். எழுத்தாளர்களாக இருந்த நாம் ஆட்களைக் கொண்டாடினோம், அவர்கள் வேலை செய்த இடத்தை விட்டுவிட்டோம். இந்தக் கட்டடங்களைப் பற்றி அக்கறையோடு எழுதியவர்களில் பலர் ஆங்கிலத்தில் எழுதினார்கள். அதைத் தமிழில் எளிமையாக, நடந்துகொண்டே வாசிக்கும் அளவில் சொல்ல நாம் முன்வரவில்லை. 2004-இலிருந்து ஆகஸ்ட் மாதத்தில் சென்னை தினம் கொண்டாடுகிறோம். அப்போது ஆர்வலர்கள் விடியற்காலையில் வந்து மரபு நடை அழைத்துச் செல்கிறார்கள்; அது நல்ல தொண்டு. நாம் அதில் ஒருநாள் கலந்துகொண்டு வருடம் முழுவதற்கும் போதும் என்று இருந்துவிட்டோம். விவரம் தெரிந்த ஒருவர் முன்னே நடந்தால் மட்டும் வாய் திறக்கும் வளாகம், அவர் வராத நாளில் ஊமையாகிவிடுகிறது. யாரும் அழைத்துச் செல்லாமலேயே ஒருவர் நடந்து பார்க்க வகை செய்வதுதான் நீடித்த வேலை. உலகின் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவும் வெளியாருக்காகவே நடைவரைபடம் வைத்திருக்கின்றன. 1857-இல் தொடங்கிய நம் பல்கலைக்கழகத்துக்கு அதைத் தமிழில் செய்து தர அதன் பழைய மாணவர்களுக்குத் தகுதியில்லையா?

இருக்கிறது. ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுவோம். முன்னாள் மாணவர்களும் இப்போதைய மாணவர்களும் சேர்ந்து ஒரே தாளில் நடைவரைபடம் தயாரிக்க வேண்டும். மேலே சொன்ன ஐந்து இடங்கள் போதும், இடத்துக்கு ஐந்து வாக்கியம். தமிழ் முதலில். ஒவ்வொரு ஆண்டும் பெயரும் ஆவணத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்ததாக இருக்க வேண்டும். செவிவழிக் கதைகளை நீக்கிவிட வேண்டும். வகுப்புக்கும் அலுவலுக்கும் இடைஞ்சல் இல்லாத நேரத்தையும் வழியையும் நிர்வாகத்திடம் முறையாகக் கேட்டுப் பெற வேண்டும். ராமானுஜனின் அசல் நோட்டுகளை எல்லாரும் தொட முடியாது, தொடவும் கூடாது; ஒரு பக்கத்தின் நகலைக் காட்சிக்கு வைக்கும்படி கேட்கலாம். ஓய்வு பெற்ற பேராசிரியர்கள், நூலகப் பணியாளர்கள், தோட்டக்காரர்கள் ஆகியோரின் நினைவில் இருப்பதை அவர்கள் இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டும். கிண்டி வளாகத்துக்கு அடுத்த தாள்: ஜி.என். ராமச்சந்திரன் 1954-இல் கொலாஜனின் மூவிழை அமைப்பைக் கண்டு சொன்னது இந்தப் பல்கலைக்கழகத்தில்தான்.

இதில் பெரும் பணம் பிடிக்கும் வேலை ஒன்றும் இல்லை. இதுவரை செய்யாததற்குச் சொல்ல நம்மிடம் நல்ல காரணமும் இல்லை. தவறை ஒப்புக்கொண்டதால் மட்டும் கடன் தீராது. அந்தத் தாள் அச்சாகி, நமக்கு முன்பின் தெரியாத ஒருவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, யார் துணையும் அனுமதிச் சிபாரிசும் இல்லாமல் ஐந்து இடங்களையும் நடந்து முடிக்கும் நாள்வரை நாம் கடன்காரர்களே.