கோச்சடையான்: பிளஸ் என்ன, மைனஸ் என்ன?

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "இதில் ஸ்பைடர்மேன் மாதிரி படம் செய்யலாமா?" என்பது. எங்கள் நாகரசம்பட்டியிலும் அப்படித்தான். இந்த ஆசையை நம்பி, "ஆறே மாதத்தில் அனிமேஷன் வேலை" என்று நோட்டீஸ் கொடுத்துப் பெருந்தொகை கேட்பவர்களும் இருக்கிறார்கள். பணம் கட்டும் முன் ஒரு படத்தைக் கவனமாகப் பாருங்கள் என்பேன். அது 2014 மே மாதம் வெளிவந்த 'கோச்சடையான்'. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய படம். நம் ஊர் சூப்பர் ஹீரோ ரஜினியையே கம்ப்யூட்டர் உருவமாக மாற்றிக் காட்டினார்கள்.

முதலில் பிளஸ் பாயிண்டுகள். இதில் பயன்படுத்தியது மோஷன் கேப்சர் என்ற முறை. நடிகர் உடலில் குறிகள் ஒட்டிய உடையை அணிந்து நடிப்பார். சுற்றியுள்ள கேமராக்கள் அந்தக் குறிகளின் அசைவைப் பதிவு செய்யும். பிறகு அந்த அசைவைக் கம்ப்யூட்டர் உருவத்துக்குப் பொருத்துவார்கள். ரஜினி 2012ல் லண்டன் பைன்வுட் ஸ்டுடியோவில் இப்படி நடித்தார். திரையில் அவரது நடையும் கைவீச்சும் ஓரளவு அப்படியே வந்திருக்கின்றன. 2009ல் மறைந்த நாகேஷையும் மீண்டும் நடமாட விட்டார்கள். ஏ.ஆர். ரஹ்மானின் இசை பெரிய பலம். 'அவதார்' படச் செலவில் ஒரு சிறு பகுதியில் இதை முயன்றதே துணிச்சல்தான்.

மைனஸ்? முகம்! உடல் ரஜினியாக இருக்கிறது. கண்ணைப் பார்த்தால் பொம்மையாக இருக்கிறது. பேசும்போது உதடு மட்டும் அசைகிறது, கன்னம் கூடவே அசைய மறுக்கிறது. மனிதனைப் போலவே இருந்தும் முழுக்க மனிதனாக இல்லாத உருவத்தைப் பார்த்தால் நமக்கு ஒரு சங்கடம் வரும். ஜப்பானின் மசாஹிரோ மோரி இதை 1970லேயே எழுதிவிட்டார். ஓசூர் தொழிற்சாலையில் கேட் சாப்ட்வேரில் உதிரிபாகம் வரைபவருக்கு அளவு சரியாக இருந்தால் போதும், வேலை முடிந்தது. முகத்துக்கு அளவு மட்டும் போதாது. அதிலும் ரஜினி முகம் நமக்கு மனப்பாடம்!

இதற்கு நேர் எதிரான வழியில் போனது 2018ல் வந்த 'ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்'. நிஜம் போலக் காட்ட அது முயலவே இல்லை. காமிக்ஸ் புத்தகத்தின் அச்சுப் புள்ளிகளைக்கூடத் திரைக்குக் கொண்டு வந்தார்கள். விஎல்சி பிளேயரில் படத்தை ஓட்டி, கீபோர்டில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தை அழுத்துங்கள். ஒவ்வொரு பிரேமாக நகரும். காட்டில் மைல்ஸும் பீட்டரும் வலை வீசித் தாவும் காட்சியைப் பாருங்கள். பீட்டர் பிரேமுக்குப் பிரேம் அசைவார். மைல்ஸ் இரண்டு பிரேமுக்கு ஒருமுறைதான் அசைவான். பழகாதவனின் தடுமாற்றத்தை அப்படிக் காட்டினார்கள். இது கம்ப்யூட்டரின் வேகத்தால் வந்ததல்ல, மனிதனின் யோசனையால் வந்தது. அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியது.

இன்னொரு கணக்கு. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 பிரேம். இரண்டு மணி நேரப் படத்துக்கு 1,72,800 பிரேம். வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு பிரேமை முடிக்க ஒரு மணி நேரம் எடுத்தால், முழுப் படத்துக்கும் ஏறக்குறைய 20 ஆண்டுகள்! எனவே நிஜம் போன்ற ரஜினியை வீட்டில் செய்ய நினைக்காதீர்கள்.

வேறு வழி இருக்கிறது. 2025ல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டுப் படம் 'ஃப்ளோ'. வசனமே இல்லாத ஒரு பூனைக் கதை. அதைச் செய்தது பிளெண்டர் என்ற இலவச சாப்ட்வேரில். அதே பிளெண்டரை நீங்களும் டவுன்லோட் செய்து கொள்ளலாம். முதலில் ஒரு பந்து தரையில் விழுந்து எழும்புவதைச் செய்து பழகுங்கள். பிறகு ஒரு ஆடு நடப்பதை. பந்துக்குக் கனம் வந்துவிட்டால், ஆட்டுக்கு உயிர் வந்துவிட்டால், பயிற்சிக் கட்டணத்தைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.